ஆஸ்பத்திரியடி இறக்கம்

என் மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் அவர்கள் அதை இன்னும் மோசமாகச் சொல்வார்கள்.

எனக்கு மாரடைப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில் நான் மூன்று ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை நிறுத்தினேன். திருக்கோவிலில் ஒன்று, அக்கரைப்பற்றில் ஒன்று, நிந்தவூரில் ஒன்று. மூன்று இடத்திலும் கொண்டக்டர் சபீக் கதவில் தொங்கிக்கொண்டு, “ஆஸ்பத்திரியடி இறக்கம்! ஆஸ்பத்திரியடி இறக்கம்!” என்று கத்தினான். சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவு நோய்க்கு, மருந்தெடுக்கிறவர்கள் இறங்கினார்கள். கிளினிக்குக்குப் பிள்ளை தூக்கி வந்த தாய்மார் இறங்கினார்கள். பல்வலிக்காரர் ஒருவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இறங்கினார். “பாத்து இறங்குங்க, அவசரப்படாதீங்க” என்று நான் கண்ணாடியில் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு அந்த பஸ்ஸிலிருந்து முதலாவதாக இறங்கியிருக்க வேண்டிய ஆள் நான். நான் கியரைப் போட்டேன்.

பொத்துவில் – கல்முனை வீதியில் இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டியவன் நான். அன்று கோமாரி தாண்டும்போது, பஸ் கூரையில் ஏற்றிய சாமான் முழுவதையும் யாரோ இறக்கி என் நெஞ்சில் அடுக்கியது போல ஒரு பாரம். அதோடு இடது கை தோளிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் நோவெடுத்தது. நம் நாட்டில் டிரைவருக்கு இடது கை என்றால் கியர்க் கை. ஆகவே நான் என் இருதயத்தைச் சந்தேகப்படவில்லை. கியர்பொக்ஸைத்தான் சந்தேகப்பட்டேன்.

“ஹாஜியாருக்கிட்ட எத்தின தரம் சொல்லிட்டன்டா, இந்தக் கியர்பொக்ஸப் பிரிச்சுப் பாக்கச் சொல்லி” என்று சபீக்கிடம் சொன்னேன். ஹாஜியார் என்பது பஸ் முதலாளி.

“காக்கா, உங்களுக்கு நல்லா வேர்க்குது” என்றான் சபீக். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

“வெயிலுக்கு வேர்க்காமப் பனியா கொட்டும்?”

அக்கரைப்பற்றில் ஒரு இஞ்சிச் சோடா வாங்கிக் குடித்தேன். பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது. “பாத்தியா? வாய்வு” என்றேன். ஒரு ஏப்பத்தை வைத்து நோயைத் தீர்மானித்த வைத்தியன் இந்தக் கரையோரத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

கல்முனை பஸ் நிலையத்துக்கு வந்தேன். கோட்டுக்குள் நேராக நிறுத்தினேன், கைப்பிரேக்கை இழுத்தேன், சாவியைச் சபீக்கிடம் கொடுத்தேன், இறங்குவதற்குப் படியில் கால் வைத்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழும்ப முடியவில்லை. “கீழ விழுறதுக்கு முதலும் காக்கா பஸ்ஸ நேரா நிப்பாட்டினவர்” என்று சபீக் இன்றைக்கும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிறான். அவன் என்னைப் புகழ்கிறானா, காட்டிக்கொடுக்கிறானா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என் நெஞ்சிலும் கைகால்களிலும் வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இருதயத்தின் மின்னோட்டத்தைக் கடதாசியில் கோடாக வரைந்து காட்டுகிற சோதனை அது. கடதாசியைப் பார்த்த டொக்டர் அம்மா, மட்டக்களப்புப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், என் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“நோவு எப்ப துவங்கின?”

“கோமாரியில.”

“நான் மணியக் கேட்டன்.”

“பத்தே கால் போல.”

“இப்ப பன்னிரண்டு தாண்டிட்டு. இவ்வளவு நேரமும் எங்க இருந்தீங்க?”

“பஸ்ஸில.”

“பஸ்ஸில எங்க?”

“முன் சீட்டில.”

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. “நீங்களா ஓட்டின?”

“ஓம் டொக்டர்.”

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது பகிடி விட்டுச் சமாளித்திருப்பேன். மீண்டும் எழுதத் தொடங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பொலிஸ்காரர் எனக்குத் தண்டம் எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்துக்குத்தான் நான் முதன்முதலாகப் பயந்தேன்.

பிறகு விளக்கினார். இருதயம் ஒரு பம்பு. உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்புகிறது. ஆனால் அந்தப் பம்புக்கும் இரத்தம் வேண்டும். அதற்கென்று தனியாகச் சில குழாய்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் கொழுப்புப் படிந்து, அதன் மேல் இரத்தம் கட்டி அடைத்துவிட்டது.

“டீசல் பைப்புல ஊத்த அடைச்ச மாதிரியா டொக்டர்?”

“ஓம், அப்பிடித்தான். ஆனா எஞ்சின நிப்பாட்டிப்போட்டுத் துப்பரவாக்க ஏலாது. விளங்கிச்சா?”

இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, அம்புலன்ஸில் மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். படுத்துக்கொண்டு ரோட்டில் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீதி தெரியவில்லை, கூரைதான் தெரிந்தது. ஆனாலும் எந்த வளைவு, எந்தப் பாலம் என்று முதுகு சொல்லிக்கொண்டே வந்தது. செய்தி கேட்டு ஓடி வந்த என் மனைவி ஹிதாயா, பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள்.

“டிரைவர் தம்பி பிரேக்கக் கொஞ்சம் பிந்திப் புடிக்கான்” என்றேன்.

அவள் ஓதுவதை நிறுத்தி ஒரு கண்ணைத் திறந்தாள். “வாயப் பொத்திக்கிட்டுப் படுங்க” என்றாள். மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அவளுடைய கை மட்டும் நான் இடுப்பில் கட்டியிருந்த சாறனின் நுனியை விடவேயில்லை. மட்டக்களப்பில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது ஒரு தாதி வந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அங்கே மணிக்கட்டில் சிறு துளை போட்டு, மெல்லிய ஒரு வயரை இருதயம் வரைக்கும் விட்டார்கள். மருந்து பாய்ச்சி எங்கே அடைப்பென்று திரையில் பார்ப்பது அஞ்சியோகிராம். அடைத்த இடத்தை விரித்து, மறுபடி மூடாமல் உள்ளே நிறுத்தி வைக்கிற சின்னக் கம்பிவலைக் குழாய்தான் ஸ்டென்ட். பேனைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆளை மயக்குவதில்லை. நான் விழித்துக்கொண்டே என் இருதயத்தைத் திரையில் பார்த்தேன். இவ்வளவு காலமும் எனக்காக வேலை செய்த ஒன்று, ஒரு நாள் லீவு கேட்டதில்லை. நான் அதைக் கியர்பொக்ஸ் என்று ஏசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இரண்டு நாளில் திரும்பவும் கல்முனை ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த கட்டிலில் கந்தையா அண்ணன். கோமாரியில் கடல் தொழில் செய்கிறவர், அறுபது தாண்டியவர். அவருக்கும் என்னுடைய அதே வருத்தம். வலையை இழுத்துக் கரையேற்றியபின் கரையிலேயே விழுந்தவர். அவரைக் கண்டதும் எனக்கு வேறு பக்கம் திரும்பிப் படுக்கத் தோன்றியது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

எக்கோ என்றொரு ஸ்கேன் எடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும், உள்ளே வந்த இரத்தத்தில் எத்தனை வீதத்தை இருதயம் வெளியே தள்ளுகிறது என்று அது சொல்லும். நல்ல இருதயமே நூறையும் தள்ளுவதில்லையாம், அறுபது போலத் தள்ளுமாம். என்னுடையது நாற்பத்தைந்து. “பரவாயில்ல டொக்டர், பள்ளிக்கூடத்தில கணக்குக்கு நான் இதவிடக் குறையத்தான் எடுத்த” என்றேன்.

டொக்டர் அம்மா சிரிக்கவில்லை. “கார், மோட்டார் சைக்கிள் புறகு பாப்பம். பஸ், லொறி எதுவும் நான் கடிதம் தாற வரைக்கும் தொடக்கூடாது. உங்களுக்கு மட்டுமில்ல, பின்னால இருக்கிற ஆக்களுக்கும் சேத்துத்தான் சொல்றன். விளங்கிச்சா?”

“இன்ஷா அல்லாஹ், டொக்டர்.”

அடுத்த கட்டிலில் கந்தையா அண்ணன் சிரிக்கத் தொடங்கினார். தையல் எதுவும் இல்லாத நெஞ்சென்பதால் தாராளமாகவே சிரித்தார்.

“டொக்டர், ஏமாந்திராதீங்க. இவர் இன்ஷா அல்லாஹ் எண்டு சொன்னா அது இல்ல எண்டு அர்த்தம்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியாமலா! எத்தின வருசமா இவர்ட பஸ்ஸுக்குக் கைகாட்டிருக்கன். தம்பி, ரெண்டு மீன் பெட்டி, நிந்தவூர்ச் சந்தைக்கு, ஏத்துவீங்களா எண்டு கேப்பன். ‘இண்டைக்கு நல்ல சனம் அண்ணே, நாளைக்கு இன்ஷா அல்லாஹ்’ எண்டு சொல்லிப்போட்டு ஒரே இழுவை. அந்த நாளை இன்னும் விடியல்ல, டொக்டர்.”

வாட்டு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. உண்மைதான். மீன் தண்ணீர் பஸ்ஸுக்குள் ஒழுகினால் சனம் முகம் சுளிக்கும், ஹாஜியார் ஏசுவார். முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வார்த்தையில் ஒரு குறையும் கிடையாது. இறைவன் நாடினால் என்று சொல்வதில் என்ன குறை? குறை எங்கள் வாயில். இல்லை என்று சொல்லத் துணிவில்லாத இடத்திலெல்லாம் அதைக் கொண்டுபோய் வைக்கிறோம். பொறுப்பை மெதுவாக மேலே தள்ளிவிட்டு நாங்கள் கியரை மாற்றிக்கொண்டு போய்விடுகிறோம்.

டொக்டர் அம்மா இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றார். “இன்ஷா அல்லாஹ் எல்லாம் புறகு சொல்லலாம். எனக்கு இப்ப ஓமா, இல்லையா?”

“ஓம்” என்றேன்.

அன்று பின்னேரம் கந்தையா அண்ணன் என் பக்கம் திரும்பிப் படுத்தார். குரலில் பகிடி இல்லை.

“தம்பி, அண்டைக்கு என்ட மகளும் உங்கட பஸ்ஸிலதான் வந்தவ. கைக்குழந்தையோட. அக்கரப்பத்து ஆஸ்பத்திரிக்கு.”

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்தேன்.

“வீட்ட வந்து சொன்னா. டிரைவர் அண்ணனுக்கு என்னவோ செய்யுது போல, ஸ்டேரிங்க ஒரு கையால புடிச்சிட்டு முகத்தத் துடைக்கார், துடைக்கார், வேர்வ நிக்குதில்ல எண்டு. எனக்கு அப்ப விளங்கல்ல. இஞ்ச வந்து உங்களக் கண்டாப் புறகுதான் விளங்கின.”

அவர் ஏசியிருக்கலாம். ஆனால் தன் மனைவி உரித்து வைத்துவிட்டுப் போன தோடம்பழத்தில் பாதியை எடுத்து எனக்கு நீட்டினார். நான் வாங்கித் தின்றேன்.

ஹாஜியார் பார்க்க வந்தார். திராட்சை, அப்பிள், ஹோர்லிக்ஸ் என்று ஒரு பெரிய பையோடு. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ ஒண்டுக்கும் யோசிக்காத. சீட்டு உனக்குத்தான். எழும்பி வா” என்றார். கண்ணில் தண்ணீர் இருந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை. இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் உண்மையான வருத்தம் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண், பெண்ணுடைய வீட்டில்தான் குடியிருப்பான். வீடு அவளுடையது, கிணறு அவளுடையது, மாமரம் அவளுடையது. ஆணுக்கென்று இருப்பது அவன் காலையில் போய் மாலையில் வருகிற பாதை மட்டும்தான். போய்வந்துகொண்டிருக்கும் வரைக்கும் அது யாருக்கும் உறுத்தாது. பகல் பத்து மணிக்கு முற்றத்தில் சாறனோடு நிற்கத் தொடங்கினால்தான் தெரியும். ஹிதாயாவோ அவளுடைய ஆட்களோ ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. யாரும் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்கு அந்த ஐந்து மாதத்தில் தெரிந்தது.

டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஹிதாயா எனக்கு மட்டும் தனியாகச் சமைக்கவில்லை. வீடு முழுவதற்கும் உப்பை நிறுத்திவிட்டாள். மகள் ஸஹ்னாவுக்குப் பதினான்கு வயது. என் மாத்திரைகளுக்கு ஒரு அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். பஸ் நிலையத்தில் தொங்கும் நேர அட்டவணை போலவே தலைப்பு: ‘புறப்படும் நேரம்’. காலை ஆறு மணிக்கு இரத்தம் கட்டாமல் இருக்க ஒன்று, எட்டுக்குப் பிரசருக்கு ஒன்று, இரவு ஒன்பதுக்குக் கொழுப்புக்கு ஒன்று. அடியில் சிவப்பு மையால், ‘தாமதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ என் பிள்ளைதான், சந்தேகமேயில்லை.

ஒவ்வொரு நாளும் பத்தரை மணிக்கு நான் கேற்றடிக்குப் போய் நிற்பேன். என் பஸ் எங்கள் வீதியால்தான் போகும். ஹாஜியார் தற்காலிகமாகப் போட்ட தாசிம் என்ற பொடியன் ஓட்டிக்கொண்டு போவான். ஹோர்ன் அடிப்பான். மரியாதைக்குத்தான் அடிக்கிறான். எனக்கு யாரோ முதுகில் குத்துவது போல இருக்கும்.

“என்னத்துக்கு ஒவ்வொரு நாளும் அங்க போய் நிக்கீங்க?” என்று ஹிதாயா ஒரு நாள் கேட்டாள்.

“மூணாம் கியர ஒழுங்காப் போடுறானா எண்டு பாக்கன்.”

“அது அவன்ட கியர்” என்றாள். பிறகு தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல, “இப்போதைக்கு” என்று சேர்த்தாள்.

அந்த நேரம் பார்த்து என் ஹெவி லைசனும் முடிகிற திகதி வந்தது. பஸ், லொறி ஓட்டுகிறவன் லைசனைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் முதலில் மெடிக்கல் எடுக்க வேண்டும். கண், காது, பிரசர், சீனி, இருதயம் எல்லாம் பார்த்து, ஓட்டத் தகுதியானவன் என்று ஒரு சான்றிதழ். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் இருபத்திரண்டு வருடமும் குப்பை. இருதய வருத்தம் வந்தவனுக்கு அதற்கு முன்னால் இன்னொரு படி இருந்தது. டிரெட்மில் என்ற ஓடும் பட்டியில் நடந்தும் ஓடியும், அந்த நேரம் ஈசிஜியில் கோடு குழம்பாமல் ஒன்பது நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று டொக்டர் அம்மா சொன்னார். தாக்குப்பிடித்தால் கடிதம் தருவார்.

ஓடுவதற்கு என்னிடம் காற்சட்டை இல்லை. ஹிதாயாவின் தம்பி ரிபாய், போன் கடை வைத்திருப்பவன், தன்னுடைய விளையாட்டுக் காற்சட்டை ஒன்றைக் கொண்டுவந்தான்.

“சாறனோட ஓடினாக் கூடாதா?” என்று கேட்டேன்.

“மச்சான், சாறனோட ஓடினா ஹார்ட்டு பாஸாகும், மானம் பெயிலாகும்” என்றான்.

ஆக, இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு போட்ட காற்சட்டையோடு, நெஞ்சில் பத்து வயர் ஒட்டி, நாற்பத்தொன்பது வயது வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டு நான் ஏறி நின்றேன். முதல் மூன்று நிமிடம் கடற்கரையில் உலாவுவது போல. அடுத்த மூன்று நிமிடம் பட்டி ஏற்றமாகச் சாய்ந்து வேகமானது. கடைசி மூன்று நிமிடம் மஹியங்கனை மலை வளைவில் பாரம் ஏற்றிய பஸ்ஸை இரண்டாம் கியரில் ஏற்றுவது போல. வித்தியாசம் என்னவென்றால், இந்த முறை பஸ்ஸும் நான், எஞ்சினும் நான், பின்னால் தள்ளுகிற சனமும் நான்.

ஏழாவது நிமிடத்தில் பயம் வந்தது. நெஞ்சு நோகவில்லை. ஆனால் நோகிறதா, நோகிறதா என்று உள்ளே தேடிக்கொண்டே ஓடினேன். திருடன் வந்துவிட்டானா என்று ஒவ்வொரு அறையாகப் பார்ப்பது போல. ரிபாய் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று விரலால் நிமிடம் காட்டிக்கொண்டிருந்தான். எட்டுக்குப் பிறகு விரலை மாற்ற மறந்து கையை வாயில் வைத்துக்கொண்டான். ஒன்பது முடிந்தது. கோடு குழம்பவில்லை. சோதனைக்கு எவ்வளவு கட்டினான் என்று ரிபாய் இன்று வரைக்கும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டால், “காற்சட்டைய முதல்ல கழுவித் தாங்க” என்கிறான்.

கடிதத்தோடு மெடிக்கலுக்குப் போனேன். வாங்கு நிறைய டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரே படிவம். அதில் ஒரு வரி: இருதய நோய் உண்டா? பக்கத்தில் இரண்டு பெட்டி.

எனக்குப் பக்கத்தில் சம்மாந்துறையில் நெல் லொறி ஓட்டுகிற ஒருவர். என் படிவத்தை எட்டிப் பார்த்தார்.

“என்ன யோசன? இல்ல எண்டு போடுங்க.”

“ஸ்டென்ட் வெச்சிரிக்கி.”

“வெளியில தெரியுதா?”

“இல்ல.”

“மறுகா என்ன? எனக்குப் பிரசர் ஆறு வருசமா. இந்தா பாருங்க, பொக்கட்டில குளிசை. காலைல ரெண்டாப் போட்டுட்டு வந்திரிக்கன். இண்டைக்கு மட்டும் அது இறங்கி நிண்டாப் போதும்.”

“புறகு?”

“புறகு அல்லாஹ் இரிக்கான்.”

அவர் சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு என்ன தகுதி? ஐந்து மாதத்துக்கு முன்னால் நானும் அதே ஆள்தான். பேனை, ‘இல்லை’ என்ற பெட்டிக்கு மேலே போய்விட்டது. மை படவில்லை, அவ்வளவுதான். அப்போது ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. மனச்சாட்சி என்று யாரும் வந்து கதைக்கவில்லை. தோடம்பழ வாசம் வந்தது. வாங்கில் யாரோ உரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கந்தையா அண்ணனுடைய மகள் ஞாபகம் வந்தது. அவளுடைய முகம் எனக்குத் தெரியாது. அன்று கண்ணாடியில் பார்த்து, பாத்து இறங்குங்க என்று சொன்னேனே, அவளுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

உண்டு என்ற பெட்டியில் கோடு போட்டேன். லொறிக்காரர் தலையில் கை வைத்தார்.

உள்ளே இருந்தவர் வயதான சிங்கள டொக்டர். கடிதத்தை வாசித்தார், டிரெட்மில் கடதாசியை விரித்துப் பார்த்தார், என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு படிவத்தில் விரலை வைத்தார்.

“நீங்க இதில உண்டு போட்டது?”

“ஓம் சேர்.”

“ஏன்? மற்ற ஆக்கள் இல்லை போடுறது. பிறகு நான் கண்டுபிடிக்கிறது. அதுதானே எனக்கு வேலை.”

“உங்கட வேலயக் கொஞ்சம் குறைப்பம் எண்டுதான் சேர்.”

அவர் முதலில் சிரிக்கவில்லை. முத்திரையைக் குத்தும்போது சிரித்தார். “ஒரு வருசம் மட்டும்” என்றார். மற்றவர்களுக்கு நான்கு வருடம். என் சான்றிதழின் அடியில் ஒரு குறிப்பு: இருதயக் குழாய்ச் சிகிச்சை பெற்றவர், வருடந்தோறும் பரிசோதனை அவசியம். வெளியே வந்தபோது லொறிக்காரரும் வந்தார். அவருடைய கடதாசியில் நான்கு வருடம். குறிப்பு ஒன்றும் கிடையாது. மணப்பெண் போல வெள்ளையாக இருந்தது. “சொன்னன்தானே” என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவு ஹிதாயா உப்புப் போட்டு ஒரு மீன் ஆணம் வைத்தாள். வீட்டில் எல்லோரும் இரண்டு தரம் போட்டுத் தின்றார்கள். எனக்கு அரைக் கரண்டிதான். ஆனாலும் அது பெருநாள்தான். நான் கந்தையா அண்ணனுக்குப் போன் எடுத்துப் பாஸ் என்றேன்.

“நான் ரெண்டு மாசத்துக்கு முதலே கடலுக்குப் போயிட்டன் தம்பி” என்றார்.

“டொக்டர் விட்டவரா?”

“கடலுக்கு மெடிக்கல் இல்லையே. ஆரும் கேக்கல்ல. மீனும் கேக்கல்ல.” பிறகு, “அடுத்த கிழமையிலருந்து என்ட பெட்டிய ஏத்துவீங்களா?” என்றார்.

“ஓம்” என்றேன். வேறு எந்த வார்த்தையும் சேர்க்கவில்லை.

மறுநாள் ஹாஜியாருடைய புடவைக் கடைக்குப் போனேன். நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டுதான் போனேன். அவர் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பிளேன்டீ எடுப்பித்தார், சீனி இல்லாமல். அது அவருக்கு ஞாபகம் இருந்தது. சான்றிதழைக் கொடுத்தேன். கடைக்காரர் கை அல்லவா, புடவையின் தரம் பார்ப்பது போல ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வாசித்தார். மேலே முத்திரையைப் பார்த்தார். பிறகு கீழே இறங்கினார். குறிப்பில் வந்து நின்றார். அங்கேயே நின்றார்.

“ஒரு வருசத்துக்குத்தானா?”

“ஓம் ஹாஜியார். அடுத்த வருசம் திரும்ப ஓடிக் காட்டணும்.”

“அந்த ஸ்பிரிங் இப்பவும் உள்ளதானா?”

“உள்ளதான். அது கழட்டுற சாமான் இல்ல.”

“மாஷா அல்லாஹ்” என்றார். கடதாசியை மறுபடியும் பார்த்தார். “தாசிம் நல்லா ஓடுறான். சின்ன வயசு.”

நான் பிளேன்டீயைக் குடித்தேன். முந்தின இரவெல்லாம் ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது. நான் ஹாஜியாராக இருந்தால் என்ன செய்வேன்? அந்தக் குறிப்புள்ள டிரைவரின் பஸ்ஸில் ஸஹ்னாவை ஏற்றிவிடுவேனா? ஏற்றுவேன் என்று விடியும்வரை நினைத்தேன். ஒன்பது நிமிடம் ஓடிக் காட்டியவன் அவன். தன்னுடைய வருத்தத்தை மறைக்காமல் எழுதியவனும் அவன்தான். பொக்கட்டுக்குள் குளிசையை ஒளித்துக்கொண்டு நான்கு வருடம் வாங்கியவனை விட அவனை நம்பலாம். ஆனால் அந்த நான்கு வருடக்காரன் இந்தக் கடைக்கு வந்தால் ஹாஜியாருடைய விரல் தங்கி நிற்க அவனுடைய கடதாசியில் ஒரு வரியும் இருக்காது. உண்மையை எழுதினதற்கு எனக்குக் கிடைத்த பரிசு அந்த ஒரு வரிதான்.

டொக்டர் அம்மாவிடம் நான் படித்தது ஒன்றே ஒன்று. அதை இங்கே எடுத்து வைத்தேன்.

“ஹாஜியார், நான் கோவிக்க மாட்டன். நேரா ஒரு வார்த்த சொல்லுங்க. திங்கக்கிழம காலம பஸ்ஸெடுக்க வரட்டா? ஓமா, இல்லையா?”

ஹாஜியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. சான்றிதழைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். என் சேட்டுப் பொக்கட்டுக்குள் அவரே வைத்தார். நெஞ்சுக்கு மேலே, ஸ்பிரிங் இருக்கும் பக்கமாக இரண்டு தரம் மெதுவாகத் தட்டினார்.

“இன்ஷா அல்லாஹ்.”